ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேம், ரொறன்ரோ: முதலில் மேல்தளத்துக்குப் போங்கள்

ரொறன்ரோவில் யங் தெருவும் ஃப்ரன்ட் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிற ஐஸ் ஹொக்கியின் பெரும் வீரர்களைக் கௌரவிக்கும் காட்சியகமான ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேமுக்குப் போகிறவர்களில் அநேகம் பேர் கீழ்த்தளத்திலேயே நேரம் முழுவதையும் செலவழித்துவிட்டு, கால் களைத்த பிறகுதான் மேலே ஏறுகிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர்மாறு. உள்ளே நுழைந்ததும் நேரே மேலே போங்கள். கீழே இருக்கும் விளையாட்டுகள் எங்கேயும் ஓடிப்போகாது. மேலே இருப்பதைப் பார்க்கத்தான் புதுக் கண் வேண்டும்.

இந்த மதிப்புரையை யார் எழுதுகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவில் ஒரு வங்கிக் கிளையில் கவுன்டரில் வேலை. வீட்டில் ஹொக்கி விளையாடும் மகள் இருக்கிறாள். அவள் டிஃபென்ஸ். விடியற்காலை ஐஸ் ரிங்கில் நடுங்கிக்கொண்டு உட்காரும் அம்மாமாருக்குத் தெரியும், கைதட்டல் எல்லாம் கோல் போடுகிற பிள்ளைக்குத்தான். எதிரணி கோல் போடாமல் பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு “நல்லா விளையாடினாய்” என்று யாரோ ஒரு கோச் தோளில் தட்டினால் உண்டு. அதனால் எங்கள் வீட்டில் பழைய டிஃபென்ஸ்காரர்களின் கதைக்கு மதிப்பு அதிகம். அந்தக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஹொட் ஸ்டுவர்ட். அவருக்காகவே அங்கே போனேன், இந்த மதிப்புரையும் அநேகமாக அவரைச் சுற்றித்தான் போகும்.

முதலில் கட்டடம். இது 1885இல் எழுந்த பாங்க் ஒஃப் மொன்றியல் கிளை. எக்ஸிபிஷன் மைதானத்தில் 1961 முதல் இயங்கிய காட்சியகம் 1993இல் இங்கே வந்தது. வாசல் என்னவோ பக்கத்துக் கண்ணாடிக் கோபுரங்களான புரூக்ஃபீல்ட் பிளேஸின் கீழ்த்தளத்தில், சாப்பாட்டுக் கடைகளுக்கு அருகில் இருக்கிறது. பழைய வங்கி மண்டபம் மேலே. தலைக்கு மேல் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம், சுற்றிலும் வழவழப்பான மரமும் கல்லும். வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று திட்டமிட்டே அந்தக் காலத்தில் வங்கிகளைக் கட்டியிருக்கிறார்கள். இப்போது நான் வேலை செய்யும் கிளைக்கு இடப்பக்கம் பீட்சாக் கடை, வலப்பக்கம் பல் மருத்துவர். என்ன செய்வது.

இந்த மண்டபத்தைப் பற்றி ஆவிக் கதை ஒன்றும் உண்டு. 1953இல் இந்தக் கிளையில் கவுன்டர் வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் இங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் இன்னமும் உலவுகிறார் என்று வருகிறவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொள்கிறார்கள். அதே வேலை செய்கிறவள் என்பதாலோ என்னவோ, எனக்கு அது சிரிப்பாக இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மண்டபத்தில், உள்வாங்கப்பட்ட வீரர்களின் முகங்களைக் கண்ணாடியில் பொறித்து வரிசையாக வைத்திருக்கிறார்கள். கிரெட்ஸ்கி, ஓர், ஹாவ் என்று எல்லோரும் தேடுகிற பெயர்களின் முன்னால் கூட்டம் நிற்கும். நாங்கள் தேடியது 1945ஆம் ஆண்டுக்காரர்களை. ஹோல் ஒஃப் ஃபேமுக்கென்று முதன்முதலில் தெரிவானவர்கள் அவர்கள். அந்த முதல் தொகுதியில் ஒட்டாவாவின் ஹாவி புல்ஃபர்ட், எடி ஜெராட் இரண்டு பேரும் டிஃபென்ஸ்காரர்கள். மூன்றாவது டிஃபென்ஸ்காரர் ஹொட் ஸ்டுவர்ட். அவர் இறந்து 38 வருடம் கழிந்த பிறகும், இவரில்லாமல் பட்டியலைத் தொடங்க முடியாது என்று தெரிவுசெய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

முகத்தைப் பார்த்து, இரண்டு வரி வாசித்துவிட்டு நகர்ந்தால் ஒன்றும் விளங்காது. அது காட்சியகத்தின் குறை இல்லை. 1907இல் விளையாடிய ஒருவரின் ஓட்டத்தைத் திரையில் போட்டுக் காட்ட யாரிடமும் படச்சுருள் கிடையாது. கதையை நாம்தான் கையோடு கொண்டுபோக வேண்டும். ஆகவே இதோ.

வில்லியம் ஹொட்ஜ்சன் ஸ்டுவர்ட் 1879இல் ஒட்டாவாவில் பிறந்தவர். தம்பி புரூஸும் ஹொக்கிக்காரர்தான், அவரும் பின்னால் இதே கண்ணாடி வரிசைக்கு வந்துவிட்டார். ஹொட் உயரமும் கனமுமான ஆள். ஒட்டாவாவில் ஃபுட்போலும் ஆடியிருக்கிறார். 1899 வாக்கில் ஒட்டாவா அணி, அப்புறம் கியூபெக். அதுவரை எல்லாம் சம்பளமில்லாத ஆட்டம். விளையாடக் காசு வாங்குவது அப்போது கனடாவில் கிட்டத்தட்ட ஒழுக்கக்கேடு. ஒன்ராறியோ ஹொக்கிச் சங்கம் காசு வாங்கியவரை விலக்கி வைத்ததோடு நிற்கவில்லை, அவரோடு விளையாடியவரையும் விலக்கி வைத்தது. மொத்தத்தில், வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்த வேண்டியவன் விளையாடாதே, வசதியானவன் விளையாடட்டும் என்பதுதான் அந்தத் தூய்மையின் அர்த்தம்.

காசு எல்லைக்கு அப்பால் இருந்தது. பிட்ஸ்பேர்க்கில் செயற்கை ஐஸ் போட்ட டுகேன் கார்டன் இருந்தது, பார்க்க ஆட்கள் இருந்தார்கள். 1902இல் ஹொட் அங்கே பாங்கர்ஸ் என்ற அணியில் சேர்ந்தார். (வங்கிப் பெயருள்ள அணி. மகளிடம் சொன்னபோது, “அம்மா, உங்கட ஆக்கள்” என்றாள்.) அடுத்த வருடம் மிச்சிகனின் வடமுனையில் இருக்கும் ஹோட்டன். செம்புச் சுரங்கக் காசு புழங்கிய ஊர். கனடாவிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர், ஜாக் கிப்சன், அங்கே போர்ட்டேஜ் லேக்ஸ் என்ற அணியைக் கட்டி, ஒளிவுமறைவில்லாமல் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்தார். அந்த அணி 1904 மார்ச்சில் மொன்றியல் வாண்டரர்ஸையே ஹோட்டனுக்கு வரவழைத்து இரண்டு ஆட்டத்திலும் அடித்து அனுப்பியது. தோற்றுப்போன அந்த வாண்டரர்ஸ் பிறகு இந்தக் கதைக்குள் திரும்பவும் வரும்.

அந்த வருடத்திலேயே ஹோட்டன், கலுமெட், எல்லை ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரே பெயரில் இருந்த இரண்டு சூ செயின்ட் மரி, பிட்ஸ்பேர்க் என ஐந்து இடங்கள் சேர்ந்து சர்வதேச தொழில்முறை ஹொக்கி லீக்கைத் தொடங்கின. முழுக்க முழுக்கச் சம்பளக்காரர்கள் விளையாடிய முதல் லீக் அதுதான். 1904–05இல் அதன் முதல் பட்டத்தை வென்றது கலுமெட். அணித் தலைவர் ஹொட் ஸ்டுவர்ட், நிர்வாகியும் அவரே. இருபத்தைந்து, இருபத்தாறு வயது. அதற்கடுத்து மறுபடியும் பிட்ஸ்பேர்க்.

இங்கே கொஞ்சம் நின்று, அவர் என்ன விளையாடினார் என்று சொல்ல வேண்டும். மகளின் கோச் சொல்லும் டிஃபென்ஸ் வேறு, அந்தக் கால டிஃபென்ஸ் வேறு. அணிக்கு ஏழு பேர். இப்போது போல இரண்டு டிஃபென்ஸ்காரர்கள் இடமும் வலமுமாக நிற்பதில்லை, ஒருவர் பின்னால் ஒருவர் நிற்பார்கள். கோல் காப்பாளரான கோலிக்கு முன்னால் நிற்பவர் பொயின்ற், அவருக்கு முன்னால் நிற்பவர் கவர் பொயின்ற். ஹொட் கவர் பொயின்ற். ஆட்டம் முப்பது நிமிடத்துப் பாதிகள் இரண்டு. மாற்று ஆள் வந்து இறங்கும் வழக்கம் இல்லை, ஆக அறுபது நிமிடமும் அதே கால்கள்தான். பக்கை (ஐஸில் சறுக்கும் ரப்பர் வட்டை) முன்னோக்கிப் பாஸ் பண்ணவும் கூடாது. அதனால் பெரும்பாலான டிஃபென்ஸ்காரர்கள் பக் கையில் கிடைத்தால் உயரத் தூக்கி அடித்து அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு மூச்சு வாங்குவார்கள். பக்கைத் தானே எடுத்துக்கொண்டு சறுக்கி முன்னேறி, எதிரணிக்கு வேலை கொடுத்துவிட்டு, பக் பறிபோனால் தன் இடத்துக்கு மற்றவர்களுக்கு முன்னால் திரும்பிவருகிற ஆள் அபூர்வம். ஹொட் அப்படிப்பட்ட ஆள். பெரிய உடம்பும் வேகமான காலும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததுதான் அவருடைய விலை.

மகள் இதைக் கேட்டுவிட்டு முதலில் கேட்டது, “மாற்று ஆள் இல்லையெண்டால் காயம் பட்டால்?” அப்போது எதிரணியும் ஒருவரை வெளியே அனுப்பிச் சமப்படுத்துவது வழக்கம். இந்த மரியாதை ஒருபக்கம், தலையில் ஸ்ரிக்கால், அதாவது ஹொக்கி மட்டையால், அடிப்பது மறுபக்கம். விசித்திரமான காலம்.

1906இல் கனடாவின் கதவு திறந்தது. கிழக்கு கனடா லீக், சம்பளம் வாங்குபவர் யார், வாங்காதவர் யார் என்று வெளிப்படையாகச் சொன்னால் போதும், இருவரும் ஒரே அணியில் விளையாடலாம் என்று விதியை மாற்றியது. ஹொட் பிட்ஸ்பேர்க்கை விட்டுவிட்டு மொன்றியல் வாண்டரர்ஸுக்கு வந்தார். அந்த டிசம்பர் இறுதியில் நியூ கிளாஸ்கோ அணியோடு, கனடாவின் தலைசிறந்த ஹொக்கி அணிக்கான ஸ்டான்லி கிண்ணத்துக்காக நடந்த ஆட்டங்களில்தான் சம்பளக்காரர்கள் முதன்முறையாகக் கிண்ணத்துக்காக விளையாடினார்கள். வாண்டரர்ஸ் சுலபமாக வென்றது. ஜனவரியில் கெனோரா என்ற சின்னஞ்சிறிய ஊர் அணி வந்து கிண்ணத்தைப் பறித்துக்கொண்டு போனது. அதே ஜனவரி 12இல் ஒட்டாவாவோடு ஒரு ஆட்டம். ஆல்ஃப் ஸ்மித் என்ற ஒட்டாவா வீரர் ஸ்ரிக்கால் ஹொட்டின் தலையில் அடித்தார், ஆள் மயங்கி ஐஸில் விழுந்தார். அதே ஆட்டத்தில் இன்னும் இரண்டு வாண்டரர்ஸ் வீரர்களுக்கும் ஸ்ரிக்கால் அடி, ஒருவருக்கு மூக்கு உடைந்தது. ஒட்டாவா அணி அடுத்த முறை மொன்றியல் வந்தபோது போலீஸ் மூன்று பேரையும் பிடித்தது. ஒருவர் விடுதலை, இருவருக்கு ஆளுக்கு 20 டொலர் அபராதம். ஹெல்மெட் இல்லாத தலையில் விழுந்த அடிக்கு 20 டொலர்.

ஹொட் எழுந்து திரும்பவும் விளையாடினார். லீக்கில் வாண்டரர்ஸ் அந்தப் பருவம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மார்ச்சில் வின்னிபெக்கில் கெனோராவோடு மறுபடியும் மோதி, முதல் ஆட்டம் 7–2, இரண்டாவதில் 5–6 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 12–8 என்று கிண்ணத்தைத் திரும்ப எடுத்தார்கள். தொழில்முறை ஹொக்கியின் உச்சம் அப்போது அவ்வளவுதான், அதில் ஹொட் நின்றார். மூன்று மாதம் கழித்து, 1907 ஜூன் 23, பெல்வில் நகரம். கட்டட ஒப்பந்தக்காரரான அப்பாவுக்காக அங்கே ஒரு கட்டட வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவர், நண்பர்களோடு குயின்டி விரிகுடாவில் குளிக்கப் போனார். தனியே வெளிச்சவீடு வரை நீந்தி, அதன் மேடையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தார். கீழே தண்ணீர் ஆழமில்லை, பாறை. வயது 28. மனைவி, இரண்டு பிள்ளைகள்.

சரி, இப்போது பெட்டகத்துக்கு வாருங்கள். மண்டபத்தை ஒட்டி வங்கியின் பழைய பெட்டக அறை இருக்கிறது. கனத்த கதவு. எனக்கு அந்தக் கதவைப் பார்த்தே பத்து நிமிடம் போய்விட்டது, மகள் இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது 1892இல் கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த ஸ்டான்லி பிரபு லண்டனில் பத்து கினி கொடுத்து வாங்கிய அசல் கிண்ணம். டிவியில் பார்க்கும் உயரமான கோப்பையை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். இது பழச்சாலட் வைக்கிற அளவில் ஒரு வெள்ளிக் கிண்ணம், அவ்வளவுதான். உலோகம் பழசாகி நொய்ந்துபோனதால் ஓய்வு கொடுத்து, அதைப் போலவே ஒன்றைச் செய்து கோப்பையின் உச்சியில் வைத்துவிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது கிண்ணத்தின் உட்புறம். 1907இல் வென்ற வாண்டரர்ஸ்தான் முதன்முதலாகத் தங்கள் ஆட்கள் அத்தனை பேருடைய பெயரையும் அதில் பொறித்தது. பொறித்த இடம் கிண்ணத்தின் உள்ளே. அதில் ஹொட் ஸ்டுவர்ட் பெயரும் இருக்கிறது. வெற்றி பெற்ற அணியினர் எல்லோர் பெயரும் கோப்பையில் ஏறுகிற வழக்கம் நிலைத்தது பல வருடம் கழித்துத்தான். என் உயரத்துக்கு உள்ளே தெரியவில்லை. மகள் நுனிக்காலில் நின்றும் பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை. இருந்தாலும் அதற்குள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்ப்பது, தெரியாமல் பார்ப்பதைவிட வேறு மாதிரித்தான்.

அந்த 1907இலேயே இந்தக் கிண்ணம் ஒரு படப்பிடிப்பாளர் வீட்டிலிருந்து களவு போனதாகவும், பிறகு திரும்பி வந்து அங்கே பூச்சாடியாக இருந்ததாகவும் சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ, கதை நல்ல கதை.

மண்டபத்தில் நிற்கும் பெரிய கோப்பையைத் தொடலாம், பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். தூக்கத்தான் முடியாது. மகள் தொடவில்லை. வெல்லாமல் தொட்டால் ஒருநாளும் வெல்ல முடியாதாம், ஹொக்கிக்காரர்களின் நம்பிக்கை. எனக்கு அந்தக் கவலை இல்லாததால் நன்றாகத் தடவிப் பார்த்தேன். வெள்ளிதான், குளிர்ந்திருந்தது.

கீழே இறங்கினால் இன்றைய ஹொக்கி. திரையில் வரும் கோலிக்கு எதிராகப் பக் அடிக்கலாம், கோலியாக நின்று பாய்ந்து வருவதைத் தடுக்கலாம். மொன்றியல் கனேடியன்ஸ் உடைமாற்றும் அறையை அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள், வர்ணனை மேசையில் உட்கார்ந்து கத்தலாம். உலக நாடுகளின் ஜெர்சிகள் ஒரு பக்கம். பிள்ளைகளுக்குச் சொர்க்கம். சத்தம் அதிகம், விடுமுறை நாளில் வரிசையும் நீளம். இவை எல்லாவற்றையும் பற்றி வேறு ஆட்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் நிறுத்திக்கொள்கிறேன். எனக்குப் பிடித்தது பழைய சாமான்கள்தான்: ஒரே மரத்தில் செதுக்கிய ஸ்ரிக், கட்டுரைக் கொப்பியின் தடிப்புக்கும் வராத கால் காப்பு. இதை அணிந்துகொண்டா அந்த அடி வாங்கினார்கள் என்று தோன்றும். மகளின் பையில் இருக்கும் காப்புகளைத் தூக்கிக் காரில் போடுகிற எனக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

டிஃபென்ஸ் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொரு சோடியையும் தேடிப் பாருங்கள்: பொஸ்டனின் எடி ஷோர், ரொறன்ரோவின் ஏஸ் பெய்லி. 1933 டிசம்பரில் ஷோர் பின்னாலிருந்து மோதி, பெய்லியின் மண்டை உடைந்து, அவர் அதற்குப் பிறகு விளையாடவே இல்லை. 1934 பெப்ரவரி 14இல் மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் அவருக்காக நிதி திரட்டிய ஆட்டத்தில் பெய்லி ஷோரின் கையைக் குலுக்கினார். வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்எச்எல்லில், சிறந்த வீரர்களைத் திரட்டி நடத்தும் ஓல் ஸ்டார் ஆட்டத்தின் தொடக்கம் அதுதான் என்பார்கள். எனக்கு இதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. 1908 ஜனவரி 2ஆம் திகதியே மொன்றியல் அரீனாவில் வாண்டரர்ஸும் மற்ற அணிகளின் சிறந்த வீரர்களும் மோதினார்கள். ஹொட் ஸ்டுவர்டின் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமாக நடந்த ஆட்டம். வாண்டரர்ஸ் 10–7 என்று வென்றது, 2,000 டொலருக்கு மேல் சேர்ந்தது. அப்போது விளையாட்டுக்காரருக்கு ஓய்வூதியமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. பருவம் முடிந்தால் அப்பாவின் கட்டட வேலைக்குப் போகிற நிலையில் இருந்தவர்தான் நாட்டிலேயே பேர்போன சம்பளக்காரர். சரியாகப் பத்து வருடம் கழித்து, 1918 ஜனவரி 2இல், அந்த அரீனா தீப்பற்றி எரிந்தது. அதோடு வாண்டரர்ஸ் அணியும் முடிந்தது. கேட்டால் கற்பனை என்று நினைக்கத் தோன்றும், ஆனால் திகதி இரண்டும் அதேதான்.

நடைமுறை விஷயங்கள். யூனியன் ஸ்டேஷனிலிருந்து வெளியே வராமலே நடந்து வரலாம், குளிர்காலத்தில் அது பெரிய உதவி. காரில் வராதீர்கள். பக்கத்தில் ஒரு தனியார் பார்க்கிங்கில் நிறுத்தி, டிக்கெட்டுக்குக் கொடுத்த காசைவிட அதிகம் கட்டினேன். பெரிய கோப்பை அடிக்கடி ஊர்சுற்றப் போய்விடும், அந்த நாட்களில் இடத்தை நிரப்ப இன்னொரு பிரதி நிற்கும். அந்தப் பெரிய கோப்பையையே தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டகத்துக் கிண்ணம் எங்கேயும் போவதில்லை. நவம்பரில் புதியவர்களை உள்வாங்கும் நாளில் பொதுமக்களுக்கு மூடியிருக்கும்.

மிகச் சிறிய பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஹொக்கி விளையாடும் பிள்ளைக்கு அரைநாள் ஒதுக்குங்கள். ஹொக்கியில் ஆர்வமே இல்லாத கணவரை அல்லது மனைவியைக் கூட்டிப்போவதானால் கட்டடத்தைக் காட்டி ஆசை காட்டலாம், என் வீட்டில் அது பலித்தது. ஐந்துக்கு நாலரை. மீதி அரையை, 1945ஆம் ஆண்டுக்காரர்களுக்கு முன்னால் உட்கார ஒரு வாங்கு போட்டால் தருகிறேன்.